நான்கு நிலாவும் அரை வெளிச்சமும்



தமிழில் திங்கள் என்றால் நிலா; திங்கள் என்றால் மாதமும்தான். ஒரே நிலாவைப் பார்த்து நாள் எண்ணிய மக்களுக்கு இரண்டுக்கும் ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லை வியாழனுக்குக் கொண்டுபோனால் சிக்கல் தொடங்கிவிடுகிறது. வியாழனுக்கு இதுவரை அறியப்பட்ட நிலாக்கள் 90க்கும் மேல். அவற்றுள் பெரியவை நான்கு: அயோ, யூரோப்பா, கானிமீட், காலிஸ்டோ. கோளும் பெரிது, நிலாவும் பல. ஆகவே அதன் இரவெல்லாம் நிலாவெளிச்சம் கொட்டிக் கிடக்கும் என்பது பலர் மனத்தில் படிந்த சித்திரம். அடிவானத்தை அடைத்துக்கொண்டு எழும் ஒரு நிலா, அதன் தோளில் இன்னொன்று, மேலே மூன்றாவது என்று விண்வெளிக் கதைகளின் அட்டைப்படங்களும் திரைப்படங்களும் அந்தச் சித்திரத்துக்கு வண்ணம் பூசிவந்திருக்கின்றன. அது தவறு என்று சொல்வதற்கே இந்த உரை. எங்கே தவறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே போனால், வியாழனின் நிலாக்கள் விளக்காக மிகவும் ஏழைகள், கடிகாரமாகப் பெருஞ்செல்வர்கள் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

இந்தச் சித்திரத்துக்கு வயது நானூறுக்கு மேல். கலிலியோ 1610 ஜனவரி 7ஆம் நாள் தம் தொலைநோக்கியில் வியாழனருகே சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டார். சில இரவுகளில் அவை வியாழனைச் சுற்றுகின்றன என்று தெளிந்தார். அதே ஆண்டு வானியலாளர் கெப்ளர் அவருக்கு எழுதிய நீண்ட மறுமொழி அச்சேறியது. வெறுங்கண்ணுக்கு நமக்குத் தெரியாத இந்த நான்கு நிலாக்களும் யாருக்காக என்பது கெப்ளரின் கேள்வி. நமக்காக இல்லையென்றால் வியாழனில் வாழ்வோருக்காகத்தான் இருக்கவேண்டும் என்று அவரே விடையும் சொல்லிக்கொண்டார். வானியலாளர் ஹைகன்ஸ் மறைந்த பின் 1698இல் வெளியான ‘கோஸ்மோதியோரோஸ்’ நூல் இந்த எண்ணத்தை இன்னும் நீட்டியது. பிறகு வந்த இயற்கை இறையியல் நூல்களில் இது ஒரு முறையான வாதமாகவே உருவெடுத்தது: கதிரவனுக்கு அப்பால் போகப்போக வெயில் குறைகிறது; அந்தக் குறையை ஈடுகட்டவே படைத்தவன் தொலைக்கோள்களுக்கு அதிக நிலாக்களைக் கொடுத்தான். இதை ஈட்டுவாதம் என்று அழைப்போம். கேலி செய்யத் தகுந்த வாதம் அன்று இது. எண்களை வைத்துச் சரிபார்க்கத்தக்க வாதம். அந்த வகையில் நேர்மையானதும்கூட.

சரிபார்க்கும் முன் ஒரு தடை. வியாழனில் நிற்க இடமே இல்லை, பிறகு ‘வியாழனின் வானம்’ என்ற பேச்சு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அங்கே தரை கிடையாது. ஹைட்ரஜனும் ஹீலியமும் ஆழத்துக்குப் போகப்போக இறுகிக்கொண்டே செல்கின்றன. ஆனால் வானம் என்பதற்குத் தரை தேவையில்லை. மேலே பார்க்க வழியிருந்தால் போதும். 1995 டிசம்பர் 7ஆம் நாள் கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கருவி ஒன்று வியாழனின் வளிமண்டலத்துக்குள் பாய்ந்து, ஏறத்தாழ 58 நிமிடம் செய்தி அனுப்பிவிட்டு அடங்கியது. அது விழுந்த இடம் மேகம் அருகிப்போன வறண்ட இடைவெளி. எதிர்பார்த்த அடர்மேகங்களை அது காணவில்லை. அத்தகைய திறப்புகள் அங்கே உண்டு. எனவே நடுக்கோட்டில், அம்மோனியா மேகங்களின் உச்சியில், ஒரு பலூனில் மிதந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் அளவு. வானில் ஒரு பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது அதன் விட்டத்தை மட்டும் பொறுத்ததன்று. விட்டத்துக்கும் தொலைவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. இதைக் கோணத்தால் அளக்கிறோம்: ஒரு பாகைக்கு 60 கலை. (கலை என்ற சொல்லுக்கு நிலவின் கலை என்றும் பொருள் உண்டு, இன்று அதைக் கோண அளவாக மட்டுமே கொள்க. பிறைக்குப் பிறை என்ற சொல்லே இருக்கிறது.) நம் நிலா 31 கலை; கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதற்குப் பின்னால் முழுதாக மறைந்துவிடும். அயோவின் விட்டம் 3,643 கி.மீ.; நம் நிலாவைவிடச் சற்றே பெரிது. வியாழனின் மையத்திலிருந்து அது 4,22,000 கி.மீ. தொலைவில் சுற்றுகிறது, ஆனால் பார்ப்பவர் மையத்தில் இல்லை, 71,500 கி.மீ. மேலே மேகத்தில் இருக்கிறார். ஆகத் தலைக்கு மேல் வரும்போது அயோ 3,50,000 கி.மீ. தொலைவில் நிற்கும், 36 கலை தெரியும். அதாவது நம் நிலாவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அடுத்த மூன்றும் அதுவும் இல்லை. யூரோப்பா 18 கலை. கானிமீட்டும் 18 கலை. காலிஸ்டோ 9 கலை. சூரியக் குடும்பத்திலேயே மிகப் பெரிய நிலா, 5,268 கி.மீ. விட்டத்தோடு புதன் கோளையும் விஞ்சிய கானிமீட், தன் தலைவனின் வானில் நம் நிலாவின் அகலத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் காட்டுவதில்லை. 3,122 கி.மீ. மட்டுமே உள்ள யூரோப்பா அதற்குச் சமமாக நிற்கிறது. பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் இரட்டையர் என்றே சொல்லத் தோன்றும்.

அப்படியானால் அட்டைப்படத்து மாபெரும் உருண்டை எங்கிருந்து வந்தது? காட்சியைத் தலைகீழாக்கியதால் வந்தது. அயோவில் நின்று பார்த்தால் வியாழன் பத்தொன்பதரைப் பாகை அகலம் தெரியும். நம் நிலாவைப்போல் முப்பத்தெட்டு மடங்கு அகலம். அந்தப் பிரமிப்பு நிலாவிலிருந்து கோளைப் பார்ப்பவருக்கு உரியது. ஓவியர்கள் அதை எடுத்துக் கோளில் நிற்பவரின் தலைக்கு மேல் தொங்கவிட்டுவிட்டார்கள். எறும்புக்கு யானை எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, யானைக்கும் எறும்பு அவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று எண்ணிக்கொண்ட கதைதான் இது.

அளவைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் நகர முடியவில்லை. நம் நிலா எழும்போது பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கம் என்பதை அறிவோம். உண்மையில் உச்சியில் இருக்கும்போதுதான் அது நமக்கு அருகில் இருக்கிறது, அதுவும் 2 விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில். வியாழனில் இந்த வேறுபாடு கண்கூடு. கோளின் ஆரம் அவ்வளவு பெரிது என்பதால், அடிவானத்தில் 30 கலையாக எழும் அயோ உச்சிக்கு வரும்போது 36 கலையாக வளர்ந்துவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வளர்ச்சி. ஏறி வரும் நிலா ஏறஏறப் பருக்கிறது. யூரோப்பா 11 விழுக்காடு வளரும், கானிமீட் 7 விழுக்காடு, காலிஸ்டோ 4. இரட்டையர் என்று தோன்றிய இருவரில் யார் அருகில், யார் தொலைவில் என்பதை இந்த வளர்ச்சியை அளந்தே சொல்லிவிடலாம். தொலைவு தெரிந்தால் உண்மையான பருமனும் தெரிந்துவிடும்.

இனி ஒளி. ஈட்டுவாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வியாழன் கதிரவனிலிருந்து நம்மைப்போல் 5.2 மடங்கு தொலைவில் உள்ளது. எனவே அங்கே வெயில் 27இல் ஒரு பங்கு. நிலா தன் ஒளியைத் தானே உண்டாக்குவதில்லை. கடன் கொடுப்பவனே ஏழையானால் கடன் வாங்கியவன் என்ன செய்வான்? ஆனாலும் ஒரு சலுகை உண்டு. நம் நிலா பார்வைக்கு வெள்ளிபோல் இருந்தாலும் தேய்ந்த தார்ச்சாலை நிறத்துப் பாறை. முழுநிலவாக இருக்கும்போதும் விழும் ஒளியில் 12 விழுக்காடு அளவே நம் பக்கம் திருப்பும். வியாழனின் நிலாக்களோ பனியும் உறைந்த கந்தகச் சேர்மங்களும் போர்த்தவை. அயோவுக்கு இந்த அளவு 63 விழுக்காடு, யூரோப்பாவுக்கு 67, கானிமீட்டுக்கு 43. காலிஸ்டோ மட்டும் 20ஐ ஒட்டிய மங்கல். பரப்பு, எதிரொளிதிறன், வெயிலின் நலிவு மூன்றையும் பெருக்கிப் பார்த்தால், நம் முழுநிலவின் ஒளியில் அயோ தருவது நான்கில் ஒரு பங்கு. யூரோப்பா பதினைந்தில் ஒரு பங்கு. கானிமீட் இருபத்திரண்டில் ஒரு பங்கு. காலிஸ்டோ இருநூறில் ஒரு பங்கு. நான்கும் ஒருசேர முழுநிலவாக உச்சியில் நிற்பதாகக் கற்பனை செய்து கூட்டினாலும் கிடைப்பது நம் ஒற்றை நிலா தருவதில் எட்டில் மூன்று பங்கு, அரைக்கும் குறைவு.

இந்த எட்டில் மூன்றும் ஒருநாளும் கிடைக்காது என்பதுதான் வேடிக்கை. காரணங்கள் இரண்டு. ஒன்று நிழல். நம் நிலாவின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருப்பதாலும் பூமியின் நிழல் சிறிது என்பதாலும் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலுக்குத் தப்பிவிடுகிறது, கிரகணம் எப்போதாவதுதான். வியாழனின் அச்சுச் சாய்வு 3 பாகைதான். நிலாக்கள் அதன் நடுக்கோட்டுத் தளத்திலேயே சுற்றுகின்றன. நிழலோ மிகப் பெரிது. ஆகவே அயோ, யூரோப்பா, கானிமீட் மூன்றும் ஒவ்வொரு சுற்றிலும், முழுநிலவு ஆகவேண்டிய அதே வேளையில், நிழலுக்குள் புகுந்துவிடுகின்றன. தப்பக்கூடியது தொலைவில் உள்ள காலிஸ்டோ மட்டும், அதுவும் சில ஆண்டுகளில். வட்டம் நிரம்பும் தறுவாயில் அயோ அணைந்து, இரண்டேகால் மணி நேரம் கழித்து மறுபுறம் வெளிப்படும். நிழலுக்குள் நுழையும் முன்பே வட்டம் 99 விழுக்காடு நிறைந்துதானே இருக்கும், இழப்பு என்ன என்று கேட்கலாம். உண்மை, வடிவத்தில் இழப்பு இல்லை. ஆனால் சரியாக எதிர்ப்புறம் வரும்போது எந்த நிலாவுக்கும் ஒளி சட்டென ஓங்கும்; நான் மேலே சொன்ன பங்குகள் அந்த உச்சத்தைச் சேர்த்தவை. வெட்டுப்படுவது அந்த உச்சம்தான். பௌர்ணமி என்று நாம் கொண்டாடும் நடு இரவு, அங்கே இந்த மூன்றுக்கும் அமாவாசை இருட்டு.

இரண்டாவது காரணம் கணிதவியலாளர் லாப்லாஸ் கண்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் இந்த நிலாக்களின் இயக்கத்தை ஆராய்ந்து, முதல் மூன்றும் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு சுற்றுவதற்கு விளக்கம் தந்தார். கானிமீட் ஒரு சுற்று முடிப்பதற்குள் யூரோப்பா இரண்டு, அயோ நான்கு சுற்று முடிக்கும். அத்தோடு நிற்கவில்லை. அயோவின் இருப்புக் கோணத்தோடு கானிமீட்டுடையதை இருமுறை கூட்டி, யூரோப்பாவுடையதை மும்முறை கழித்தால் எப்போதும் 180 பாகை வரும். உலர்ந்த சூத்திரம்தான், ஆனால் வானில் அதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். யூரோப்பாவும் கானிமீட்டும் ஒருங்கே முழுநிலவு நிலைக்கு வந்தால், அயோ அப்போது நேர் எதிர்ப்புறம், கதிரவன் பக்கம், அமாவாசையாக நிற்கும். அயோவும் யூரோப்பாவும் சேர்ந்து முழுமையடைந்தால் கானிமீட் பாதி நிலவாக இருக்கும். மூன்றும் ஒருசேர நிறைவது இயலாது. ஒருவர் விளக்கேற்றினால் இன்னொருவர் அணைத்துவைக்கும் வீடு அது. இதே லாப்லாஸ்தான் 1796இல் வெளியிட்ட நூலில் நம் நிலாவைப் பற்றிய ஈட்டுவாதத்தையும் அடித்து வீழ்த்தினார்: இரவுக்கு விளக்காகவே நிலா படைக்கப்பட்டது என்றால், கதிரவனும் இல்லாமல் நிலாவும் இல்லாமல் இருளில் கிடக்கும் இரவுகள் ஏன்? எப்போதும் முழுநிலவாகவே இருக்கும்படி அதை எங்கே வைத்திருக்கலாம் என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். வியாழனைப் பற்றிய தம் கண்டுபிடிப்பையும் அந்த வாதத்துக்கு எதிராக நிறுத்தியிருந்தால் அது இன்னும் கூர்மையான சான்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கண் என்பது ஒளிமானி அன்று. குறைந்த ஒளிக்குப் பழகிக்கொள்ளும். நம் அரைநிலவு, முழுநிலவில் பாதி ஒளி தருவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. அந்த வெளிச்சத்தில் வரப்பில் நடப்பவர்கள் இல்லையா? நிழலுக்குள் நுழையுமுன் உள்ள அயோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தருமே! இந்த மறுப்பை ஏற்கிறேன். வியாழனின் இரவு குருட்டிருட்டு என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் பாய்ந்த அயோவின் ஒளியில் கைரேகை தெரியாவிட்டாலும் கை தெரியும். ஆனால் ஈட்டுவாதம் கேட்பது அதையன்று. 27 மடங்கு குறைந்த வெயிலை நான்கு நிலாக்கள் ஈடு செய்யவேண்டும் என்று அது கேட்கிறது. வெயிலை ஈடு செய்வது கிடக்கட்டும், நம் ஒரு நிலாவைக்கூட அவை ஈடு செய்யவில்லை.

விளக்கை இத்தோடு விட்டுவிட்டுக் கடிகாரத்துக்கு வருவோம். வியாழன் தன்னைத்தானே சுற்ற எடுப்பது 9 மணி 56 நிமிடம். இரவு என்பது ஐந்து மணி நேரம். அயோவின் ‘திங்கள்’ நாற்பத்திரண்டரை மணி நேரம், அதாவது வியாழனின் கணக்கில் நான்கு நாளும் சொச்சமும். வளர்பிறை இரண்டு நாள், தேய்பிறை இரண்டு நாள். ஒரே இரவில் உட்கார்ந்து பார்த்தால் பிறை பருப்பது தெரியும். 13 மணி நேரத்துக்கு ஒருமுறை எழும் அயோ, வானில் தங்கும் ஆறு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதுக்குள், தன் பிறைச் சுழற்சியில் ஏழில் ஒரு பங்கைக் கடந்துவிடும். யூரோப்பாவின் திங்கள் மூன்றரை நாள், கானிமீட்டுடையது ஏழு நாளுக்குச் சற்று மேல், காலிஸ்டோவுடையது ஏறத்தாழ 17 நாள் (இவை நம் நாள்கள்). வானம் ஒரே நேரத்தில் நான்கு மாதங்களைக் காட்டுகிறது.

இவற்றுக்கு உள்ளே சுற்றும் சிறு நிலாக்கள் இன்னும் விசித்திரம். அமல்தியா வியாழனைச் சுற்றப் பன்னிரண்டு மணி நேரம். கோளின் சுழற்சியைவிடச் சற்றே மெதுவு. எனவே அது வானில் ஊர்ந்து நகரும். ஓர் எழுச்சிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 58 மணி நேரம் ஓடிவிடும். எழுந்தபின் 22 மணி நேரம் தங்கும். அதற்குள் கதிரவன் இரண்டு தடவை வந்துபோவான். அமல்தியா கிட்டத்தட்ட இரண்டு முறை வளர்ந்து தேயும். மெட்டிஸ், அட்ராஸ்டியா இரண்டும் ஏழு மணி நேரத்தில் சுற்றிவிடுகின்றன. கோளின் சுழற்சியை முந்துகின்றன. ஆகவே அவை மேற்கில் எழுந்து கிழக்கில் மறையும். இத்தனையும் நடுக்கோட்டுப் பக்கம் இருப்பவருக்கு. வடக்கிலோ தெற்கிலோ 67 பாகைக்கு அப்பால் போனால் அமல்தியா என்ற ஒன்று இருப்பதே தெரியாது. கோளின் வளைவே அதை மறைத்துவிடும். துருவத்தில் மிதப்பவருக்கு நான்கு பெரியவையும்கூட இல்லை. நிலாக்கள் மிகுந்த கோளில் நிலாவே காணாத வானமும் உண்டு.

கடிகாரத்தின் மணியோசை என்று சொல்லத்தக்கது கதிரவ மறைப்பு. அங்கிருந்து கதிரவன் வெறும் 6 கலை. பெரிய நிலாக்கள் நான்கில் எதுவும் அதை முழுதாக மூடிவிடும். அயோ, யூரோப்பா, கானிமீட் மூன்றின் நிழலும் ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் வியாழன்மீது விழுகிறது. அயோவின் கருநிழல் 3,000 கி.மீ. அகலம்; கோளும் அதே திசையில் சுழல்வதால், நடுக்கோட்டில் நண்பகலில் இருப்பவருக்கு முழுமறைப்பு பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் நீடிக்கும். நம் முழுமறைப்பின் அழகு அங்கே வாய்க்காது. நமக்கு நிலாவும் கதிரவனும் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால்தான் ஒளிவளையம் விளிம்பைச் சுற்றிப் பூக்கிறது. அங்கே 36 கலை அயோ 6 கலைக் கதிரவனைப் போர்வைபோட்டு மூடுவதால் ஒளிவளையத்தின் சிறந்த பகுதியும் சேர்ந்து மறைந்துபோகும். அழகைக் காண காலிஸ்டோவுக்குக் காத்திருக்க வேண்டும். அமல்தியாவோ முயன்றாலும் முடியாது, 250 கி.மீ. நீளமுள்ள அது நீள்பக்கத்தை வியாழனை நோக்கியே நீட்டியிருப்பதால் கோளுக்குத் தெரிவது ஒடுங்கிய முனை மட்டும், 4 முதல் 5 கலைக்குள். 2022 பிப்ரவரி 25ஆம் நாள் ஜூனோ விண்கலம் மேகங்களுக்கு ஏறத்தாழ 71,000 கி.மீ. மேலிருந்து எடுத்த படத்தில் கானிமீட்டின் நிழல் கரிய நீள்வட்டமாக விழுந்திருக்கிறது. அந்த வட்டத்துக்குள் அப்போது யாரேனும் மிதந்திருந்தால் நடுப்பகலில் நட்சத்திரம் கண்டிருப்பார்.

வியாழன் ஒரு விதிவிலக்காக இருக்கலாமே, மற்ற வாயுக்கோள்களில் நிலவொளி வளமாக இருக்கலாமே என்றால், சனி இன்னும் மோசம். அங்கே வெயில் 92இல் ஒரு பங்கு. மிகப் பெரிய டைட்டனும், அதன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள டெத்திஸும் சனியின் வானில் ஒரே அளவு, 15 கலை. ஒளியிலோ, புழுதிமூட்டம் போர்த்த டைட்டனை 504 கி.மீ. விட்டமுள்ள என்செலடஸ் என்ற பனியுருண்டை மிஞ்சிவிடுகிறது. சனியின் இரவுக்கு விளக்கு என்று சொல்ல வேண்டுமானால் வளையங்களைத்தான் சொல்லவேண்டும். வாயுக்கோள்களின் நிலாக்கள் இப்படிச் சிறுத்திருப்பது தற்செயலும் அன்று. ராபின் கானப், வில்லியம் வார்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் காட்டியதுபோல், வாயுக்கோளைச் சுற்றிய தட்டில் பிறக்கும் நிலாக்கள் ஓரளவுக்கு மேல் பருத்தால் உள்நோக்கி நகர்ந்து கோளிலேயே விழுந்துவிடுகின்றன. எஞ்சுபவற்றின் மொத்த நிறை கோளின் நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. நம் நிலாவோ பூமியில் 81இல் ஒரு பங்கு. மோதலில் பிறந்தது என்று கருதப்படுவது. கோளின் அளவுக்கு மீறிய நிலா வாய்த்த விந்தை வானம் நம்முடையது. அந்த வானத்தை இயல்பென்று எடுத்துக்கொண்டு நான்கால் பெருக்கியதில்தான் ஈட்டுவாதம் தடுக்கியது.

யாருக்காக என்று கெப்ளர் கேட்டதற்கு, அந்த நிலாக்களை உண்மையிலேயே பயன்படுத்தியவர்கள் யார் என்று மட்டும் வரலாறு சொல்கிறது. வானியலாளர் கசீனி 1668இல் வியாழ நிலாக்களின் மறைப்பு நேரங்களுக்கு அட்டவணை வெளியிட்டார். ஒரே மறைப்பை இரண்டு ஊர்களில் பார்த்து, இரு ஊர்களின் உள்ளூர் நேரத்தை ஒப்பிட்டால் தீர்க்கரேகை வேறுபாடு கிடைத்துவிடும். அந்த முறையில் அளந்தபோது பிரான்சின் நிலப்படமே சுருங்கியது. ஆடும் கப்பலின் மேல்தளத்தில் தொலைநோக்கியை நிலைநிறுத்த முடியாததால் மாலுமிகளுக்கு அது கைகொடுக்கவில்லை. பாரிஸில் அயோவின் மறைப்புகளைக் கணக்கிட்ட வானியலாளர் ரோமர், பூமி வியாழனைவிட்டு விலகிப்போகும் மாதங்களில் அவை பிந்துவதையும் நெருங்கும் மாதங்களில் முந்துவதையும் கண்டார். கடிகாரம் பிழையன்று, செய்தி வந்துசேரத்தான் நேரமாகிறது என்று 1676இல் அறிவித்தார். பூமிப்பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றார். இன்று நாம் அறிந்த அளவு 16 நிமிடம் 40 நொடி. ஐம்பத்தெட்டுக் கோடி கி.மீ.க்கு இப்பால், நெருங்கி வரும் நாளிலும் அதற்குக் குறையாத தொலைவில் இருந்துகொண்டு, அவர் படித்த கடிகாரம் அது.